காய்ச்சல் விட்ட பிறகு வரும் வினைச்சொல்

‘ரெக்யூப்பரேட்’ என்ற ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைச் சுற்றி வந்த கேள்விகள் இவை. அதன் அண்ணன், தம்பி, பங்காளிச் சொற்களைப் பற்றிய கேள்விகளையும் கூடவே சேர்த்திருக்கிறோம்.

அரசியல் தலைவர் ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டில் ‘ரெக்யூப்பரேட்’ ஆகிவருகிறார் என்று ஆங்கில நாளிதழில் படித்தேன். அகராதியைப் பார்த்தால் ‘குணமடைதல்’ என்று இருக்கிறது. ‘ரெக்கவர்’ என்பதற்கும் அதையேதான் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா? — வாசகி, திருச்சி

பிறப்பைப் பார்த்தால் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் ‘ரெகுபெராரே’ என்றால் இழந்ததைத் திரும்பப் பெறுவது. அந்தச் சொல் பழைய பிரெஞ்சுக்காரர்களின் வாயில் புரண்டு தேய்ந்து, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் ‘ரெக்கவர்’ ஆக வந்து சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள் அதே லத்தீன் சொல்லை ஏட்டிலிருந்து நேராக எடுத்து ‘ரெக்யூப்பரேட்’ என்று மறுபடியும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ‘இலக்குவன்’ என்று தமிழ்ப்பட்டு வந்த பெயர் பிறகு ‘லட்சுமணன்’ என்று இன்னொரு முறை வந்ததே, அதுபோலத்தான்.

பிறப்பு ஒன்றானாலும் வேலை வேறு. ‘ரெக்கவர்’ பெரிய குடை. நோய் தணிவது, பலம் திரும்புவது, பழைய நிலைக்கு வந்து சேர்வது எல்லாம் அதற்குள் அடங்கும். குறிப்பாக, வந்து சேர்ந்துவிட்டார் என்ற முடிவைச் சொல்ல அதுதான் சரியான சொல். ‘ரெக்யூப்பரேட்’ சொல்வது அந்தப் பயணத்தின் ஒரு பகுதியை மட்டும். நோயின் வேகம் அடங்கிவிட்டது, கத்தி வைத்தாயிற்று, தையலும் போட்டாயிற்று. இனி ஓய்வும் சாப்பாடுமாக இருந்து, போன பலத்தை மீட்க வேண்டும். அந்த இடைக்காலத்துக்கு உரிய சொல் அது. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களோடு கிடப்பவரை யாரும் ‘ரெக்யூப்பரேட்டிங்’ என்று எழுதுவதில்லை. வீட்டுத் திண்ணையில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரை எழுதலாம்.

இந்த வேறுபாடு வெறும் நடை அழகு இல்லை என்பதற்கு டெங்குவைப் பாருங்கள். காய்ச்சல் 2 முதல் 7 நாள் அடிக்கும். பிறகு சடாரென்று இறங்கும். ‘காய்ச்சல் விட்டது, ரெக்கவர் ஆயிட்டான்’ என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவது அப்போதுதான். ஆனால் டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். காய்ச்சல் இறங்கும் தறுவாயில் தொடங்கும் 24 முதல் 48 மணி நேரத்தில், சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுந்துவிடும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, இதில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காலம் அது. அந்தக் கட்டத்தைத் தாண்டி, கசிந்த நீர் 2, 3 நாளில் ரத்தக் குழாய்களுக்குத் திரும்பி, பசியும் சிறுநீரும் ஒழுங்குபட்ட பிறகுதான் ‘ரெக்கவரி’ கட்டம் என்று மருத்துவர்கள் எழுதுவார்கள். அதற்குப் பிறகும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சாயங்காலம் ஆனால் படுக்கையைத் தேடுகிறது என்று சில வாரங்கள் ஓடும். ‘ரெக்யூப்பரேட்’ என்ற சொல்லின் சொந்த ஊர் அந்த வாரங்கள்தான்.

உங்கள் நாளிதழ்க்காரர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ‘தலைவர் குணமடைந்தார்’ என்று அதை மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும். அவர் இன்னும் அடையவில்லை, அடைந்துகொண்டிருக்கிறார்.

‘டாக்டர் நோயாளியை ரெக்யூப்பரேட் செய்தார்’ என்று ஆங்கிலத்தில் எழுதலாமா? ‘ஹி ஈஸ் ரெக்யூப்பரேட்டட்’ என்பது சரியா? — பயிற்சி ஆசிரியர், நாமக்கல்

இரண்டும் கூடாது. உடல்நலப் பொருளில் இது தன்வினை. நோயாளிதான் எழுவாய், அவரே தேறுகிறார். மருத்துவர் செய்வதற்கு ‘ட்ரீட்’, ‘க்யூர்’ என்று வேறு சொற்கள் இருக்கின்றன.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இலக்கணக் கலைச்சொல் எதுவும் வேண்டாம். நம் பேச்சுத் தமிழிலேயே உரைகல் இருக்கிறது. ஆங்கில வினையைத் தமிழில் கலந்து பேசும்போது நாம் ‘ஆகு’ என்றோ ‘பண்ணு’ என்றோ ஒட்டுப் போடுகிறோம். தானாக நடப்பதற்கு ‘ஆகு’, ஒன்றைப் பிடித்துச் செய்வதற்குப் ‘பண்ணு’. ‘அப்பா ரெக்கவர் ஆயிட்டார்’ என்போம், ‘போன்ல அழிஞ்ச போட்டோவை ரெக்கவர் பண்ணிட்டேன்’ என்போம். யாரும் மாற்றிச் சொல்வதில்லை. ‘அப்பாவை ரெக்கவர் பண்ணிட்டாங்க’ என்றால் அப்பா காணாமல் போய்ப் போலீஸ் மீட்டுக் கொண்டுவந்தது போல ஒலிக்கும். ஆங்கிலத்திலும் ஏறக்குறைய அந்தப் பொருள்தான் வரும். ‘ரெக்யூப்பரேட்’டுக்கும் இதே கணக்கு: உடம்பு என்றால் ‘ஆகு’ மட்டும். போட்ட முதல், போன நஷ்டம் என்றால் ‘பண்ணு’வும் வரும், ‘ரெக்யூப்பரேட் தி காஸ்ட்’ என்று எழுதுவது செல்லும், ஆனால் கொஞ்சம் கோட்டு சூட்டு போட்ட நடை.

கூட வரும் சின்னச் சொற்களையும் பார்த்துவிடுங்கள். நோயைச் சொல்ல ‘ஃப்ரம்’: ‘ரெக்யூப்பரேட்டிங் ஃப்ரம் நிமோனியா’. அறுவை சிகிச்சைக்கு ‘ஃப்ரம்’, ‘ஆஃப்ட்டர்’ இரண்டும் ஒத்துவரும். ‘ஆஃப்’, ‘வித்’ போட்டால் தவறு. வீடு என்றால் ‘அட் ஹோம்’. நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல ‘-இங்’ வடிவம்தான் இந்தச் சொல்லுக்கு அதிகம் பொருந்தும். ‘ஹி ஈஸ் ரெக்யூப்பரேட்டிங்’. முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானால் சொல்லையே மாற்றி ‘ஹி ஹேஸ் ரெக்கவர்ட்’ என்று போய்விடுவது நல்லது. ‘ஹேஸ் ரெக்யூப்பரேட்டட்’ இலக்கணப்படி பிழையில்லை, ஆனாலும் அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. ‘ஃபுல்லி’ என்ற அடைமொழியும் ‘ரெக்கவர்’ பக்கம்தான் ஒட்டிக்கொள்ளும்.

‘ரெக்கவர் பேக்’ என்று நம்மூரில் ஒரு வழக்கு உண்டு. ‘ரெ’ என்ற முன்னொட்டிலேயே ‘திரும்ப’ வந்துவிட்டது. ‘நடுசென்டர்’ மாதிரிதான் அது.

இந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது? என் மகள் எழுத்துக்கூட்டலில் ஒரு ‘ஓ’ கூடுதலாகப் போட்டு மதிப்பெண் இழந்தாள். — வாசகர், விருதுநகர்

அழுத்தம் இரண்டாவது அசையில். ‘ரிக்-கூ-ப்ப-ரேட்’ என்று ‘கூ’வைத் தூக்கிச் சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள் ‘கூ’ என்பார்கள். பிரிட்டனில் ‘கூ’, ‘க்யூ’ இரண்டும் காதில் விழும். எதைச் சொன்னாலும் சரியே. முதல் அசையில் அழுத்தி ‘ரெக்-குப்-பரேட்’ என்று சொல்வதுதான் நம்மவர்களின் வழக்கமான வழுக்கல்.

எழுத்து மொத்தம் 10: ஆர், ஈ, சி, யூ, பி, ஈ, ஆர், ஏ, டி, ஈ. ‘ஓ’வுக்கு இடமே இல்லை. மகள் அதை எங்கிருந்து கொண்டுவந்தாள் என்றால், ‘ரெக்கூப்’ என்ற இன்னொரு சொல்லிலிருந்து. அதில் ‘ஓ’ உண்டு. போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பது, நஷ்டத்தை ஈடுகட்டுவது அதன் பொருள். இரண்டும் ஒலியிலும் பொருளிலும் நெருங்கி நிற்பதால் ஒன்றின் சுருக்கம் மற்றொன்று என்று பலர் நினைக்கிறார்கள். உறவே கிடையாது. ‘ரெக்கூப்’ பிரெஞ்சில் ‘வெட்டுதல்’ என்ற வினையிலிருந்து வந்தது. கொடுக்க வேண்டியதில் கொஞ்சம் வெட்டி வைத்துக்கொள்வது அதன் பழைய பொருள். இங்கிலாந்துக்காரர்களே ‘ஓ’ போட்டுத் தப்பாக எழுதுகிறார்கள் என்று மகளிடம் சொல்லித் தேற்றுங்கள்.

டைஃபாய்டுக்காக விடுப்பில் இருக்கிறேன். நீட்டிப்புக் கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும். எந்தச் சொல்லைப் போடுவது? — வங்கி ஊழியர், கும்பகோணம்

நீட்டிப்புக் கேட்கும் கடிதத்தில் ‘ரெக்யூப்பரேட்டிங்’. பணிக்குத் திரும்பும் கடிதத்தில் ‘ரெக்கவர்ட்’. இது மாறிப்போனால் விண்ணப்பமே தன்னைத் தானே மறுத்துக்கொள்ளும். ‘ஐ ஹேவ் ரெக்கவர்ட்’ என்று முதல் வரியில் எழுதிவிட்டு இரண்டாவது வரியில் இன்னும் 10 நாள் கேட்டால், மேலாளர் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு வரச் சொல்லலாம்.

நீட்டிப்புக்கு மூன்று வாக்கியம் போதும். முதலாவது, நோயும் இப்போதைய நிலையும்: ‘ஐ ஆம் ரெக்யூப்பரேட்டிங் ஃப்ரம் டைஃபாய்ட்’. இரண்டாவது, யார், எதுவரை ஓய்வு சொன்னார்: ‘மை டாக்டர் ஹேஸ் அட்வைஸ்ட் ரெஸ்ட் அன்டில்...’ என்று தேதி. மூன்றாவது, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை விடுப்பு, இணைப்பாக என்ன சான்றிதழ். விடுப்பின் முதல் நாளையும் கடைசி நாளையும் தேதியாகவே போடுங்கள். ‘ஒன் வீக்’ என்று எழுதினால் ஞாயிறு சேருமா சேராதா என்று அலுவலகத்தில் தனியாக ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஓய்வு சொல்லப்பட்ட கடைசித் தேதியும் விடுப்புக் கேட்ட கடைசித் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். கடிதம் திரும்பி வர இந்த ஒரு பொருத்தமின்மையே போதும்.

திரும்பும்போது தர வேண்டிய உடற்தகுதிச் சான்றிதழிலும் இந்தச் சொல் வேறுபாட்டைப் பார்க்கலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் இரண்டு மாதிரிப் படிவங்கள் உண்டு. விடுப்புக்கான மருத்துவச் சான்றிதழில், பணிக்கு வராமல் இருப்பது உடல்நலத்தின் ‘ரெஸ்டொரேஷன்’னுக்கு அவசியம் என்று மருத்துவர் சொல்கிறார். பணிக்குத் திரும்பும் சான்றிதழில், நோயிலிருந்து ‘ரெக்கவர்ட்’, இப்போது பணியை ‘ரெஸ்யூம்’ செய்ய ‘ஃபிட்’ என்கிறார். அங்கே ‘ரெக்யூப்பரேட்’ போட முடியாது. போட்டால் பாதி வழியில் இருக்கிறவரைப் பணிக்கு அனுப்பியதாகிவிடும்.

‘சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கும் பள்ளிக்கூடக் கடிதத்தை இனிமேலாவது விட்டுவிடலாம். டைஃபாய்டுக்கு அது பொருந்தும். ஒருநாள் ஜலதோஷத்துக்கு ‘ஐ ஆம் டவுன் வித் அ கோல்ட்’ போதும்.

மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தில் ‘கான்வலெசென்ஸ் பெனிஃபிட்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதே பத்திரத்தில் பின்னால் ‘ரெஸ்ட் க்யூர்’ கிடையாது என்றும் இருக்கிறது. கொடுக்கிறார்களா, இல்லையா? — வாசகர், கோயம்புத்தூர்

முதலில் சொல். ‘கான்வலெஸ்’ என்ற வினைக்குப் பொருள் ஏறத்தாழ ‘ரெக்யூப்பரேட்’தான், இன்னும் கொஞ்சம் மருத்துவமனை வாடையோடு. லத்தீனில் ‘வலேரே’ என்றால் வலுவாக இருத்தல். ‘வேல்யூ’, ‘வேலிட்’ எல்லாம் அந்தக் குடும்பம். கடைசியில் வரும் ‘எஸ்’ ஒலிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் விகுதி, ‘தொடங்குதல்’ என்ற பொருளைத் தருவது. ஆக, ‘வலுப்பெறத் தொடங்குதல்’. கொரோனா காலத்தில் ‘கான்வலெசென்ட் பிளாஸ்மா’ என்று காது புளிக்கக் கேட்டோமே, நோய் தீர்ந்து தேறியவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த பிளாஸ்மா அது. பெரும்பாலும் பலன் இல்லை என்று தெரிந்து 2021 மே மாதம் இந்திய சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். சொல் மட்டும் நினைவில் நின்றுவிட்டது.

இனி உங்கள் பத்திரம். அந்த இரண்டு வரிகளும் முரண்படவில்லை. ‘கான்வலெசென்ஸ் பெனிஃபிட்’ என்பது சிகிச்சைக்காக மருத்துவமனையில் தொடர்ந்து இத்தனை நாள் இருந்தால் மொத்தமாகத் தரும் ஒரு தொகை. பல பாலிசிகளில் 10 நாள், சிலவற்றில் 7. பில்லோடு அதற்குச் சம்பந்தமில்லை. வீட்டில் தேறும் நாட்களின் செலவுக்காகக் கையில் கொடுப்பது. ‘தொடர்ந்து’ என்ற சொல்லில்தான் சூட்சுமம். 6 நாள் இருந்துவிட்டு டிஸ்சார்ஜ் ஆகி, 2 நாள் கழித்து மறுபடி 5 நாள் சேர்ந்தால் 11 நாள் என்று கூட்ட முடியாது. சேர்ந்த நாளையும் வெளியேறிய நாளையும் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறைதானா என்றும் பாருங்கள்.

‘ரெஸ்ட் க்யூர்’ வேறு கதை. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த விலக்குப் பட்டியலில் அது 5ஆம் எண். சிகிச்சை எதுவும் இல்லாமல் படுத்து ஓய்வெடுப்பதற்காகவே மருத்துவமனையில் சேர்ந்தால் அந்தச் செலவு கிடையாது. குளிப்பாட்ட, உடை மாற்ற, நடத்திக் கூட்டிப்போக என்று வீட்டில் ஆள் வைத்தாலும் கிடையாது. ‘ஓய்வெடுத்துத் தேறட்டும்’ என்று உறவினர்கள் பரிவோடு மருத்துவமனையிலேயே 4 நாள் கூடுதலாக வைத்திருந்தால், அந்த 4 நாள் வாடகை இந்த எண்ணில் அடிபட வாய்ப்புண்டு. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் அந்த நாட்களிலும் என்ன மருந்து ஏறியது, எதற்காகக் கண்காணிப்பு என்று எழுதியிருக்க வேண்டும்.

தேறும் காலத்தில் உண்மையாகக் கை கொடுப்பது மூன்றாவது ஒரு வரி: ‘போஸ்ட் ஹாஸ்பிட்டலைசேஷன்’. வெளியேறிய பிறகு வாங்கும் மருந்து, எடுக்கும் பரிசோதனை ஆகியவற்றுக்கான செலவு. ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுமாதிரிப் பாலிசியில் இது 60 நாள். ஒவ்வொரு மருந்துக்கடை ரசீதோடும் அந்தத் தேதிக்கு முன்பு எழுதப்பட்ட மருந்துச் சீட்டு இருக்க வேண்டும், எந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தீர்களோ அதே நோய்க்கான மருந்தாகவும் இருக்க வேண்டும். சத்துமாவு ரசீதை அனுப்பாதீர்கள்.

‘ஹீல்’, ‘க்யூர்’ இவற்றை எங்கே போடுவது? — மாணவி, தஞ்சாவூர்

‘ஹீல்’ புண்ணுக்கு, எலும்பு முறிவுக்கு, மனக்காயத்துக்கு. பிளந்தது கூடி முழுதாவது. ‘ஹோல்’ (முழுமை), ‘ஹெல்த்’ எல்லாம் அதன் உடன்பிறப்புகள். ‘க்யூர்’ நோயை வேரோடு ஒழிப்பது. காய்ச்சலை ‘ஹீல்’ பண்ண முடியாது. வெட்டுக்காயத்தை ‘க்யூர்’ பண்ணத் தேவையில்லை. சர்க்கரை நோய்க்கு ‘க்யூர்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் பணப்பையைப் பத்திரப்படுத்துங்கள். புற்றுநோயில் மருத்துவர்கள் பெரும்பாலும் ‘ரெமிஷன்’ என்பார்கள். நோய் அடங்கியிருக்கிறது, திரும்பி வராது என்ற உறுதியை அந்தச் சொல் தராது. ‘குணமாகிவிட்டது’ என்று அதை மொழிபெயர்ப்பது நோயாளிக்குப் பொய்யான தெம்பு.

தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையம் இருக்கிறதே, அந்தச் சொல்லும் இதில் சேர்ந்ததா? — வாசகர், குரோம்பேட்டை

பொருளில் சேர்ந்தது, வேரில் இல்லை. குணப்படுத்துதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினை ஒன்றிலிருந்து வந்தது. காசநோய்க்குத் தக்க மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்று, வெயில், சத்துணவு, நீண்ட ஓய்வு, இவைதான் சிகிச்சை. அதாவது ‘ரெக்யூப்பரேட்’ ஆவதையே மருந்தாகக் கொடுத்தார்கள். மருத்துவர் சௌரி முத்து 1928இல் அப்படித் தொடங்கிய காசநோய் இல்லம்தான் அங்கே இருக்கும் அரசு மருத்துவமனைக்கு மூலம்.

மருத்துவமனைத் துண்டறிக்கைகளைத் தமிழில் மொழிபெயர்க்கிறேன். ‘ரெக்யூப்பரேட்’, ‘ரெக்கவரி’ எல்லாவற்றுக்கும் ‘குணமடைதல்’ என்றே போட வேண்டியிருக்கிறது. தமிழில் தனிச்சொல் இல்லையா? — மொழிபெயர்ப்பாளர், மதுரை

இருக்கிறது. அதுவும் ஆங்கிலத்தை விடத் துல்லியமாக: ‘தேறு’.

‘குணமாதல்’ நோயைப் பற்றியது. ‘தேறுதல்’ ஆளைப் பற்றியது. ‘சொறி குணமாச்சு’ என்போம். ‘சொறி தேறிச்சு’ என்று சொல்ல மாட்டோம். ‘பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு இப்பத்தான் தேறி வருது’ என்போம். பிரசவம் நோயே அல்ல, அதனால் அங்கே ‘குணமாதல்’ நுழையவே முடியாது. யாழ்ப்பாணத்தில் ‘வருத்தம்’ என்றால் நோய். அங்கே ஒருவர் ‘வருத்தம் மாறிட்டுது, உடம்புதான் இன்னும் தேறேல்லை’ என்று சொன்னால், ‘ரெக்கவர்’, ‘ரெக்யூப்பரேட்’ இரண்டுக்கும் இடையில் இருக்கும் கோடு ஒரே வாக்கியத்தில் விழுந்துவிடுகிறது.

‘தேறு’வின் மற்ற வேலைகளையும் பாருங்கள். பரீட்சையில் தேறுகிறோம். துக்கத்தில் மனம் தேறுகிறது, ஆறுதல் சொல்லித் தேற்றுகிறோம். ‘இந்தக் களத்தில் எத்தனை மூட்டை தேறும்?’ என்று பதர் நீக்கிய மிச்சத்தைக் கேட்கிறோம். கழிந்தது போகக் கையில் நிற்பது எது என்பதே எல்லாவற்றிலும் ஓடும் பொருள். லத்தீன்காரர்கள் ‘திரும்பப் பெறுதல்’ என்று பார்த்த இடத்தை நாம் ‘மிஞ்சி நிற்றல்’ என்று பார்த்திருக்கிறோம்.

துண்டறிக்கைக்கு எங்கள் பரிந்துரை இது. ‘ரெக்யூப்பரேஷன் பீரியட்’ என்றால் ‘உடல் தேறும் காலம்’. ‘கான்வலெசென்ட் டயட்’ என்றால் ‘உடல் தேற ஏற்ற உணவு’. சித்த மருத்துவத்தில் ‘மறுபத்தியம்’ என்று ஒரு நல்ல சொல் உண்டு. மருந்து சாப்பிட்டு முடித்த பிறகும் சில நாள் காக்கும் பத்தியம் அது. ஆனால் அலோபதித் துண்டறிக்கையில் அதைப் போட்டால் நோயாளி புளியையும் உப்பையும் நிறுத்திவிடுவார். கவனம்.

‘ரெக்கவரி ரூம்’ என்பதைக் ‘குணமடையும் அறை’ என்று எழுதிய பலகைகளைப் பல இடங்களில் பார்க்கலாம். அறுவை முடிந்ததும் மயக்க மருந்தின் வேகம் இறங்கும் வரை வைத்துப் பார்க்கும் அறை அது. ‘மயக்கம் தெளியும் அறை’ என்றால் வெளியே காத்திருக்கும் உறவினருக்குச் சட்டென்று புரியும். ‘லோன் ரெக்கவரி’ கடன் வசூல். சம்பளப் பட்டியலில் வரும் ‘ரெக்கவரி’ பிடித்தம். இவை மூன்றுக்கும் ‘மீட்பு’ என்று போடும் பழக்கத்தை மொழிபெயர்ப்பு மென்பொருள்களிடம் விட்டுவிடலாம்.

அறிவுரைப் பகுதியில் இன்னொரு சிக்கல். ‘யூ வில் நீட் டைம் டு ரெக்யூப்பரேட்’ என்பதை ‘நீங்கள் தேறுவதற்கு நேரம் தேவைப்படும்’ என்று எழுதினால் சொல் தமிழ், வாக்கியம் ஆங்கிலம். ‘உடம்பு தேறக் கொஞ்ச நாளாகும்’ என்று எழுதுங்கள். பிறகு நாளைச் சொல்லுங்கள். துளை வழிப் பித்தப்பை அறுவைக்குப் பின் பலரும் 1, 2 வாரத்தில் மேசை வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். வயிற்றைத் திறந்து செய்திருந்தால் 4 முதல் 6 வாரம். அதுவரை தண்ணீர்க் குடம், சிலிண்டர் தூக்கக் கூடாது என்று பொருளைப் பெயர் சொல்லி எழுதினால்தான் வீட்டில் கேட்பார்கள். ‘பளுவான பொருட்களைத் தவிர்க்கவும்’ என்று படித்துவிட்டு நேராகக் குடத்தை இடுப்பில் வைப்பவர்கள் உண்டு, ஏனென்றால் தண்ணீரைப் பளு என்று யாரும் நினைப்பதில்லை.

‘நோய்க்கஞ்சி’ என்று நீங்கள் அனுப்பிய மாதிரியில் ஓரிடத்தில் வருகிறது. அது ‘நொய்க்கஞ்சி’. நொய் என்றால் உடைந்த அரிசி. ஒரு பங்கு நொய்க்கு 8 முதல் 10 பங்கு தண்ணீர் விட்டுக் குழைய வேகவைப்பது. தேறுகிறவருக்குக் கொடுப்பதால் பலர் வாயில் நோய் ஒட்டிக்கொண்டது.

என் மகன் பாரிஸில் இருக்கிறான். பேரப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து ‘ரெகுபெரே’ செய்யப் போகிறேன் என்கிறான். பிள்ளைகளுக்கு உடம்புக்கு என்ன? — வாசகர், புதுச்சேரி

ஒன்றும் இல்லை, நிம்மதியாக இருங்கள். பிரெஞ்சில் அந்த வினை இன்னும் தன் பழைய பரந்த பொருளிலேயே வாழ்கிறது. பிள்ளையைக் கூட்டிவருவது, விட்டுவந்த குடையை எடுத்துவருவது, பார்சலை வாங்கிவருவது, ஓடிக் களைத்தவர் மூச்சு வாங்கி நிற்பது எல்லாம் ‘ரெகுபெரே’தான். இத்தாலியர்கள் கால்பந்தாட்டத்தில் முடிவில் கூட்டித் தரும் நேரத்தை ‘ரெகுபெரோ’ என்கிறார்கள். ஆங்கிலம்தான் அதை நோய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது.

தேறிவருகிறவர்களைப் பற்றிப் பேச்சு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்கள்? ‘ரெக்யூப்பரேட்’ கொஞ்சம் கனமாக இருக்கிறதே. — வாசகி, பெங்களூரு

கனம்தான். அலுவலகம், செய்தித்தாள், மருத்துவ அறிக்கை அதன் இடம். நண்பரிடம் ‘ஹவ் ஆர் யூ ரெக்யூப்பரேட்டிங்?’ என்று கேட்டால் ‘தாங்கள் எவ்வண்ணம் தேறிவருகிறீர்கள்?’ என்பது போலிருக்கும். பேச்சில் ‘ஆன் தி மெண்ட்’ என்றால் தேறி வருகிறார். ‘அவுட் ஆஃப் தி வுட்ஸ்’ என்றால் கண்டம் தாண்டிவிட்டது. ‘பேக் ஆன் ஹெர் ஃபீட்’ என்றால் எழுந்து நடமாடுகிறார். ‘புல்ட் த்ரூ’ என்பது சாவின் விளிம்பிலிருந்து பிழைத்து வந்தவருக்கு மட்டும். ஜலதோஷத்துக்குப் போட்டால் சிரிப்பார்கள். ‘கம் ரவுண்ட்’ மயக்கம் தெளிவதற்கு. இவற்றில் எதையும் விடுப்புக் கடிதத்தில் எழுத வேண்டாம்.

எங்கள் உலையில் ‘ரெக்யூப்பரேட்டர்’ என்று ஒரு பாகம் இருக்கிறது. அதற்கு என்ன உடம்பு சரியில்லை? — உருக்குத் தொழிலாளி, சேலம்

நல்ல கேள்வி. இழந்ததைத் திரும்பப் பெறுதல் என்ற மூலப்பொருள் உலைக்களத்தில் அப்படியே உயிரோடு இருக்கிறது. புகைபோக்கி வழியாக வீணாகப் போகும் சூட்டைப் பிடித்து, எரிவதற்காக உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் கருவி அது. சூடான புகையும் குளிர்ந்த காற்றும் ஒரே நேரத்தில், குழாய்ச் சுவரின் இருபுறமும் ஓடும், கலக்காது. பக்கத்து ஆலையில் ‘ரீஜெனரேட்டர்’ என்று சொன்னால் அது வேறு: அங்கே செங்கல் அடுக்கின் வழியாக முதலில் புகை, பிறகு அதே வழியில் காற்று என்று மாறி மாறிப் போகும். உங்கள் கருவியில் காற்று போதிய அளவு சூடாகவில்லை என்றால், பெரும்பாலும் குழாயில் படிந்த புகைக்கரியோ, குழாய் ஓட்டையாகிக் காற்று புகைப் பக்கம் கசிவதோ காரணமாக இருக்கும்.

பீரங்கியிலும் இதே பெயரில் ஒரு பாகம் உண்டு. சுட்டவுடன் குழல் பின்னால் பாய்கிறது. அந்த உதையைத் தாங்கி நிறுத்துவது வேறொரு பாகம். அது ஓய்ந்த பிறகு, சுருள்வில்லோ அழுத்தப்பட்ட வாயுவோ கொண்டு குழலைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடுவது ‘ரெக்யூப்பரேட்டர்’.